கலப்பின மெத்தையும் ஒரு சராசரி முதுகும்

மேலே வரச் சொல்கிறார்கள் என்று கூட்டுகிற அக்கா வந்து சொன்னபோது வாட்ச்மேனுக்குக் காலையில் விட்ட கொட்டாவிதான் ஞாபகம் வந்தது. அன்று காலை தலைவரின் கார் உள்ளே நுழைந்த அதே நேரத்தில் அவர் ஒரு கொட்டாவி விட்டிருந்தார். லேசான கொட்டாவி என்றால் பரவாயில்லை. கண்ணில் நீர் முட்டி, தாடை சொடுக்குப் போட்டு, தொண்டைக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற கொட்டாவி. காருக்குள் தலைவர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததை வாயை மூடிய பிறகுதான் பார்த்தார்.

வேறு அலுவலகமாக இருந்தால் கொட்டாவியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இது உறக்க வசதித் தர வாரியம். நாட்டில் விற்கிற மெத்தை, தலையணை, தொட்டில், சாய்வு நாற்காலி எதுவானாலும் இங்கே வந்து முத்திரை வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். உறக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உறக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது வாரியத்தின் முதல் விதி. வளாகத்துக்குள் கண்ணயர்ந்தவர் வேலையில் நீடிக்க முடியாது. அதனால் நாற்காலிகளுக்கு முதுகு கிடையாது. ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. சுவர்களுக்குப் பார்த்தவுடன் கண் கூசுகிற மஞ்சள் அடித்திருந்தார்கள். இவருக்கு முன்னால் கேட்டில் இருந்தவர், தொப்பி நழுவிக் கண்ணை மறைத்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். தொப்பிதான் பெரிது, தூங்கவில்லை என்று அவர் சொன்னதை விசாரணைக் குழு ஏற்கவில்லை. அதே தொப்பிதான் இப்போது இவர் தலையில் இருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே படியேறினார்.

வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். மாமனார் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்தக் குடும்பத்தில் நிற்கிற கால்கள் நாலுதான். அதில் இரண்டு இப்போது படியேறிக்கொண்டிருந்தன.

மேலே நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வாரியத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் சௌகரியப் பிரிவின் தலைமை அதிகாரி, இடப்பக்கம் ஆதரவுப் பிரிவின் தலைமை அதிகாரி. மெத்தை மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பது சௌகரியப் பிரிவின் வேலை. அது உடம்பைச் சரியாகத் தாங்குகிறதா என்று பார்ப்பது ஆதரவுப் பிரிவின் வேலை. கீழே வேலை செய்கிறவர்கள் வாயில் அவர்கள் சௌகரியம்மா, ஆதரவையா. இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஒரே மேஜையில் இருந்தாலும் ஒருவர் சொல்வதைத் தலைவர் வாங்கித்தான் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்.

"உங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்று கேட்டார் தலைவர்.

மாட்டிக்கொண்டோம் என்று வாட்ச்மேன் முடிவு செய்துவிட்டார். "எனக்குத் தூக்கமே வராதுங்க ஐயா. பிறந்ததிலேர்ந்தே அப்படித்தான்."

மூன்று முகங்களும் தொங்கிப் போயின. வீட்டிலாவது தூங்குவீர்களா என்று சௌகரியம்மா கவலையோடு கேட்டார். வீட்டிலும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் விடியவைப்பேன் என்று இவர் அடித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் மாடிப்படி அடியில் நீங்கள் விட்ட குறட்டையை நானே என் காதால் கேட்டேனே, அதை நம்பித்தானே உங்கள் பெயரைச் சொன்னேன் என்று ஆதரவையா தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதுதான் வாட்ச்மேனுக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. அவரை வேலையிலிருந்து தூக்க யாரும் கூப்பிடவில்லை. மெத்தையில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உடனே ஒருவர் இஞ்ச் டேப்போடு வந்து அவரை அளந்தார். உயரம், எடை, தோள் அகலம், பிடரியிலிருந்து முதுகுத்தண்டின் அடி வரை. எல்லாமே நாட்டின் சராசரி. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஓர் உடம்பு இத்தனை நாளாகக் கேட்டிலேயே நின்றிருக்கிறதே என்று ஆதரவையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைவர் எழுந்து நின்று பேசினார். எழுந்தால் அவர் பேசாமல் உட்கார்ந்ததில்லை.

"நான் இந்தப் பொறுப்புக்கு வந்த நாள்லேர்ந்து மெத்தையில முதுகு வெச்சதே கிடையாது. வெறுந்தரைதான். ஒரு மெத்தையில படுத்து சுகம் கண்டுட்டா, மனசு அந்தக் கம்பெனி பக்கம் சாஞ்சிடும். மெத்தையைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன்தான் மெத்தையைப் பத்தி நியாயமா முடிவெடுக்க முடியும். இந்த வாரியத்துல அந்தத் தகுதி எல்லாருக்கும் இருக்குன்னு பெருமையாச் சொல்லுவேன். அதனாலதான் படுக்கறதுக்கு வெளியாளைக் கூப்பிடறோம். கேட்டு வெளியிலதானே இருக்கு."

சோதனைக்கு வந்திருந்த மெத்தைக்கு ஒரு சரித்திரம் இருந்தது. அடியில் ஸ்பிரிங், மேலே ஃபோம். கம்பெனிக்காரர்கள் அதை ஹைப்ரிட் மெத்தை என்றார்கள். வாரியத்தின் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டிக் 'கலப்பின மெத்தை' என்று எழுதினார். கலப்பினம் என்று பார்த்ததும் தபால் பிரிவு அதைக் கால்நடைத் துறைக்கு அனுப்பிவிட்டது. அங்கே அது மழைக்காலம் முழுவதும் தொழுவத்தில் இருந்துவிட்டு, ஒரு மூலையில் மாட்டுக்குப் போடுகிற மஞ்சள் காதட்டை தைக்கப்பட்டு, 'நோய் ஏதும் இல்லை, சினைப் பருவம் தென்படவில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கால்நடைத் துறையே குறை சொல்லாத மெத்தை என்று கம்பெனி இப்போது விளம்பரம் செய்துகொண்டிருந்தது.

வந்த பிறகு அடுத்த தகராறு. ஸ்பிரிங் என்றால் ஆதரவுப் பிரிவு. ஃபோம் என்றால் சௌகரியப் பிரிவு. இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தால் யாருடையது? பிரித்துத் தனித்தனியாகச் சோதிக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்து, ரம்பம்கூட வாங்கிவிட்டார்கள். கம்பெனிக்காரர் காலில் விழுந்து தடுத்தார். கடைசியில் இரண்டு பிரிவும் ஒரே உடம்பைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த உடம்புதான் இப்போது தொப்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது.

கீழே இறங்கி வந்ததும் கூட்டுகிற அக்கா அவரைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கட்டடத்தில் எந்த அறையில் என்ன நடக்கிறது என்று துடைப்பத்துக்குத் தெரியும். துடைப்பம் அவள் கையில் இருந்தது.

"தம்பி, இதுக்கு முன்னாடி வந்த மெத்தையில எல்லாம் படுத்தவங்க கதை தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றார். அவள் சொன்னாள். முதலில் படுத்தவர் ஒரு தபால்காரர். மெத்தை நன்றாக இருக்கிறது என்றார். கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று அவரை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து ஒரு டீச்சர். நன்றாக இல்லை என்றாள். உள்நாட்டுத் தொழிலை அவமதித்தாள் என்று அவள் மேல் வழக்கு. மூன்றாவதாக வந்த தையல்காரர் இதையெல்லாம் கேள்விப்பட்டு, நன்றாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது என்று பதமாகச் சொல்லிப் பார்த்தார். அவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். அனுப்பிய இடத்தில் அவருக்கு நிஜமாகவே பேதலித்துவிட்டது.

அன்று சாயங்காலம் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிடுங்கள் என்றாள். தூங்குகிறவனை யாரும் கேள்வி கேட்க முடியாது இல்லையா என்பது அவள் கணக்கு. தூங்கினால் முதல் விதிப்படி வேலை போய்விடும் என்று இவர் ஞாபகப்படுத்தினார். சரி, அப்படியென்றால் தூங்காமல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றாள். கண்ணை மூடினால் தொப்பிக்காரர் கதிதான் என்று இவர் சொன்னதும் அவள் மறுபடி பெட்டியைச் சூடாக்கப் போய்விட்டாள்.

சோதனை மண்டபத்தின் நடுவில் இரும்பு மேடை. அதன் மேல் அந்த மெத்தை. சுற்றிலும் கண்ணாடிச் சுவர், கண்ணாடிக்குப் பின்னால் முதுகில்லாத நாற்காலிகளில் அதிகாரிகள். உடை விஷயத்திலேயே அரை நாள் போயிற்று. தளர்வான உடையில்தான் சௌகரியத்தை அளக்க முடியும் என்று சௌகரியம்மா. பெல்ட்டும் பூட்ஸும் போட்ட எடையைத் தாங்கினால்தான் ஆதரவு என்று ஆதரவையா. முடிவில் இடுப்புக்கு மேலே பனியனும் இடுப்புக்குக் கீழே சீருடையும் பூட்ஸுமாக வாட்ச்மேனை மேடையில் ஏற்றினார்கள். மார்பில் ஒயர், கணுக்காலில் ஒயர். மெத்தைக்கு அடியில் எடையை அளக்கிற தட்டுகள்.

படுத்தார். பயத்தில் அவருக்கு மெத்தை இருப்பதே தெரியவில்லை. பிடரி முதல் குதிகால் வரை அவர் ஒரு பலகையாகக் கிடந்தார். மணி அடித்தது.

"சௌகரியமா இருக்கா?" என்றது சௌகரியம்மாவின் ஒலிபெருக்கி.

தபால்காரரும் டீச்சரும் தையல்காரரும் வரிசையாகக் கண்முன் வந்து போனார்கள். மூவரும் சொல்லாத பதில் ஒன்றை இவர் தேடினார். ஆதரவையாவின் ஒலிபெருக்கி குறுக்கிட்டது. "ஆதரவு இருக்கா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும். அதிகாரி கேட்கிறார். "எப்பவும் உங்க பக்கம்தாங்க ஐயா" என்றார் படுத்தபடியே.

கண்ணாடிக்குப் பின்னால் சௌகரியம்மா எழுந்து வெளியே போனார்.

அன்றைய அளவுகள் வந்தபோது சண்டை முற்றியது. உடம்பின் எடை மெத்தை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது, இப்படியொரு முழுமையான ஆதரவை வாரியம் இதுவரை கண்டதில்லை என்றார் ஆதரவையா. செத்த கட்டையைப் போட்டாலும் அப்படித்தான் பரவும், நாடித் துடிப்பைப் பாருங்கள், நாய் துரத்தினவனுக்குக்கூட இப்படி அடிக்காது, சௌகரியம் சுத்த பூஜ்யம் என்றார் சௌகரியம்மா. தலைவர் இரண்டு பக்கமும் வாங்கி வாங்கிக் கொடுத்துக் களைத்துப் போனார். கடைசியில், பயம் என்பது மெத்தையைச் சேராத வெளிப்பொருள், அதை உடம்பிலிருந்து நீக்கிவிட்டுச் சோதனையைத் தொடர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை வாட்ச்மேனுக்கு உத்தரவு வந்தது. சோதனை முடியும்வரை அவர் பயப்படக் கூடாது. மீறிப் பயந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். அதைப் படித்ததிலிருந்து அவருக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை. கையைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார். பைக்குள் எதை ஒளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

உத்தரவை நிறைவேற்ற ஓர் ஆறுதல் அதிகாரியை நியமித்திருந்தார்கள். அதற்கு முன்னால் தணிக்கைப் பிரிவில் இருந்தவர். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மெத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்பார். சற்று நிறுத்தி, "இப்போதைக்கு" என்று சேர்த்துக்கொள்வார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

நாட்கள் போகப் போக வாட்ச்மேனின் உடம்பு களைத்துப் பலகைத்தனம் கொஞ்சம் விட்டது. விட்ட பிறகுதான் அவருக்கு மெத்தையே தெரிய ஆரம்பித்தது. இடுப்புக்கு நேர்கீழே, இடது பக்கமாக, ஏதோ சரியில்லை. மேலே மெத்தென்று இருந்தது. அரைமணி நேரம் அசையாமல் கிடந்தால் அந்த இடம் மெல்ல உள்வாங்கியது. உள்ளே ஒரு ஸ்பிரிங் மடங்கி, இன்னொன்றின் மேல் ஏறி, முனையைத் தூக்கிக்கொண்டு நின்றது. எழுந்தால் ஃபோம் நிமிர்ந்துவிடும். மேலே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலில் அவர், தானே உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். அரசாங்க மேடையில் அரசாங்க மெத்தையை உடைத்துவிட்டோம். அன்றிலிருந்து யாரும் பார்த்துவிடாமல் அந்தக் குழியை இடுப்பால் மூடிக்கொண்டே படுத்தார். ஸ்பிரிங் முனை குத்திய இடத்தில் தோல் கன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போது நாடித் துடிப்பு சீராக இருந்ததாக சௌகரியம்மா மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். வலியில் அவருக்குப் பயம் மறந்துபோயிருந்தது.

ஆறுதல் அதிகாரி ஒரு நாள் மனம்விட்டுப் பேசினார். "எதுக்குங்க இவ்வளவு யோசிக்கறீங்க? இதுல நீங்களா படுக்கப் போறீங்க? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் மொத்தமும் போகுது. பின்னாடி கிடங்குல அடுக்கியாச்சு, முத்திரைதான் பாக்கி. அங்க படுக்கறவங்க அசைய முடியாதவங்க. எழுந்து வந்து புகார் சொல்லப் போறதில்ல. நிம்மதியா இருங்க."

வாட்ச்மேன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். அதற்கப்புறம் மணி அடித்ததோ கேள்வி கேட்டதோ அவர் காதில் விழவில்லை.

சாயங்காலம் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாமனார் பழைய மெத்தையில் கிடந்தார். துணி நைந்து நிறம் மாறிய மெத்தைதான், ஆனால் சமமாக இருந்தது. மனைவி வழக்கம்போல அப்பாவை ஒருக்களித்துப் புரட்டி, முதுகைத் துடைத்து, விரிப்பை இழுத்து இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். இஸ்திரி போடுகிற கை. ஒரு மடிப்பு மிச்சம் வைக்காது.

"என் பொண்ணு என்னைச் சட்டை மாதிரி நினைச்சுக்கிட்டா, மாப்பிள்ளை" என்றார் மாமனார். "ஆனா ஒண்ணு. ஒரு சுருக்கம் இருந்தாப் போதும். எனக்குத் தெரியாது, வலிக்காது. அது பாட்டுக்குத் தோலைத் தின்னுக்கிட்டே இருக்கும். அந்தக் கடைசிக் கட்டில்காரருக்கு அப்படித்தான் ஆச்சு."

கடைசிக் கட்டில் காலியாக இருந்தது.

வராந்தாவில் வைத்து வாட்ச்மேன் மனைவியிடம் பனியனைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். கன்றிப்போன இடத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். எந்த மெத்தை, எங்கே போகிறது என்று அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நீங்க பயந்த ஆள்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்" என்றாள் பிறகு. "சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்பாவை நான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவேன். மத்தவங்களைத் தூக்கிட்டு வர எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

இறுதி விசாரணை அன்று மண்டபம் நிறைந்திருந்தது. கம்பெனிக்காரர் புது உடுப்பில் வந்திருந்தார். முத்திரையைத் துடைத்து மை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். சோதனைக்கு உட்பட்ட உடம்பு ஏதாவது சொல்ல விரும்புகிறதா என்று தலைவர் கேட்டார். அது சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி. இறுதி விசாரணை வரை வந்து எந்த உடம்பும் பேசியதில்லை.

வாட்ச்மேன் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"இடுப்புக்குக் கீழ குழி விழுதுங்க ஐயா" என்றார். "கம்பி குத்துது. அசைய முடியாதவங்களுக்குப் புண்ணாயிடும்."

குழி எங்கே, ஃபோமிலா என்று முதலில் கேட்டவர் ஆதரவையா. ஃபோமில்தான் என்றால் அவருக்கு அன்று விருந்து. ஸ்பிரிங்கிலா என்று ஆவலோடு கேட்டவர் சௌகரியம்மா. இரண்டும் சேர்ந்துதான் என்று வாட்ச்மேன் சொன்னதும் இருவரும் ஒன்றாக மறுத்துத் தலையை ஆட்டினார்கள். அப்படி ஒன்றாக ஆட்டியது இதுவே முதல் தடவை. சௌகரியம்மா எழுந்து, வாரியத்தின் நிலைப்பாட்டை விளக்கினார்.

"குழிங்கறது ஒரு பொருள் இல்ல. ஒரு பொருள் இல்லாம இருக்கற இடம். இருக்கறதைத்தான் நாங்க சோதிக்க முடியும். இல்லாததுக்கு எங்க பிரிவு பொறுப்பேத்துக்க முடியாது."

ஆதரவையா நேராக அவரையே பார்த்து, ரொம்பச் சரியாகச் சொன்னீர்கள் மேடம் என்றார். விரோதிகளைச் சேர்த்து வைத்தவன் கதி என்ன ஆகும் என்று வாட்ச்மேனுக்குத் தெரியும்.

அப்போதுதான் தலைவர் கோட்டைக் கழற்றினார். வாரியத்தின் மேல் ஒரு காவலாளிக்கு வந்த சந்தேகத்தைத் தன் முதுகாலேயே துடைப்பேன் என்றார். இத்தனை வருடம் தரையில் கிடந்து காத்த நடுநிலைமையை நாட்டுக்காகத் தியாகம் செய்வதாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. மேடை ஏறி, மெத்தையின் நடுவில் மல்லாந்து படுத்து, படுத்தபடியே உரையைத் தொடர்ந்தார். தலைவர் உரை என்றால் அரைமணிக்குக் குறையாது.

மெத்தையின் மென்மை பற்றி அவர் பேசினார். உறுதி பற்றிப் பேசினார். பேசப் பேச அவருடைய இடது இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்ததை வாட்ச்மேன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. ஒரு நாளில் இரண்டு முறை பேசுகிற தைரியம் அவரிடம் இல்லை. திடீரென்று உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அது ஸ்பிரிங்கிலிருந்து வந்ததா தலைவரிடமிருந்து வந்ததா என்பதில் பிற்பாடு இரண்டு பிரிவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தலைவரின் வாய் திறந்தபடி நின்றது. கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுக்குள் வழிந்தது.

"சு...கம்" என்றார்.

மண்டபம் கைதட்டியது. தலைவர் எழுந்திருக்கவில்லை. மெத்தையை விட்டுப் பிரிய அவருக்கு மனமில்லை என்று கம்பெனிக்காரர் எல்லோருக்கும் விளக்கினார். நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தியபோது தலைவர் இடது பக்கமாக வளைந்திருந்தார். நிமிரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காகச் சௌகரியம்மா தலையை இடது பக்கம் சாய்த்தார். மரியாதைக்கு ஆதரவையாவும் சாய்த்தார். பின்வரிசைகளும் சாய்ந்தன. அப்படியே சாய்ந்தபடி மெத்தை ஒருமனதாக நிறைவேறியது. முத்திரை விழுந்தது. நேராக நின்றிருந்த வாட்ச்மேனிடம், குழி என்று சொன்னதற்கு உங்கள் மேல் விசாரணை உண்டு, அது வரும்வரை கேட்டில் இருங்கள் என்றார்கள்.

மதியத்துக்குள் கிடங்கிலிருந்து லாரி நிறைய மெத்தைகள் ஏறிவிட்டன. லாரி வந்து கேட்டுக்கு முன்னால் நின்று ஹார்ன் அடித்தது. வாட்ச்மேன் பூட்டைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. கேட்டில் நின்று அவர் கேட்டுப் பழகியது ஒரே ஒரு கேள்வி.

"பாஸ் இருக்கா?"

குரல் அவருக்கே கேட்கவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். வாட்ச்மேன் இன்னொரு தடவை கேட்டார். டிரைவர் ஒரு தாளை நீட்டினார். அதில் கிடங்குக்காரர் கையெழுத்து மட்டும் இருந்தது.

"சரக்கு எந்தப் பிரிவோ அந்தப் பிரிவு ஐயா போடணுங்க. இது ரெண்டு பிரிவுச் சரக்கு. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்" என்றார். விதி அப்படித்தான். ஆனால் விதியைச் சொல்லும்போது ஒருவனுக்கு இப்படி வியர்க்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆதரவையா இரைந்துகொண்டே ஓடி வந்தார். பின்னாலேயே சௌகரியம்மா. இருவர் தலையும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தே இருந்தது. திற என்றார்கள். வாட்ச்மேன் தாளை நீட்டினார். ஆதரவையா பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினார். மெத்தையில் ஃபோம்தானே மேலே இருக்கிறது, மேலிருப்பவர் முதலில் போடட்டும் என்றார். எதையும் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஸ்பிரிங் முதலில் போடட்டும் என்றார் சௌகரியம்மா. முதலில் போடுகிறவர் மற்றவரைத் தனக்குப் பெரியவராக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா, சிறியவராக ஆக்கிவிட்டதாக ஆகுமா என்பது இருவருக்குமே விளங்கவில்லை. விளங்காததால் இருவருமே போடவில்லை. மண்டபத்தில் பிறந்த சிநேகம் கேட்டு வரைக்கும்தான் வந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

லாரியை ஓரம் தள்ளிவிட்டுத் தலைவரின் கார் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று சொல்லக் கூடாது என்பதால் ஆய்வுப் பயணம் என்று சொல்லியிருந்தார்கள். கார் கேட்டருகில் நின்றது. பின்சீட்டில் தலைவர் வளைந்து கிடந்தார். வளைவு அவரை ஜன்னல் பக்கமாகவே சாய்த்து வைத்திருந்ததால் கண்ணாடி இறங்கியதும் அவர் முகம் வாட்ச்மேனின் பெல்ட்டுக்கு நேராக வந்தது. விசாரணை இங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைத்து வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

தலைவர் கண்ணை மட்டும் உருட்டி, மற்ற இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு உதடு அசையாமல் பேசினார்.

"அந்த லாரி..."

"ஐயா."

"யார் வந்து சொன்னாலும் திறக்காதீங்க."

உடனே குரலை உயர்த்தி, அருமையான மெத்தை, நோயாளிகள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் அனுப்பி வையுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இரண்டில் எது உத்தரவு என்று வாட்ச்மேன் கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் அவருக்கு இல்லை. காரை மட்டும் வெளியே விட்டார். கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார். இழுத்து இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பைக்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். உள்ளே இதயம் அடித்த அடியில் சாவி கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.